ஒரு கோயிலுக்கு ஒரு சாவி

சபாத்தீனோ உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் ஊரில் குறைவு. காபியை இத்தாலி மலையிலிருக்கிற எங்கள் ரோக்காவேர்னாவில் எல்லோருமே நின்றுகொண்டுதான் குடிப்போம், அதைச் சேர்க்கவில்லை. அவன் கிறிஸ்துமஸ் விருந்தையும் நின்றபடியே சாப்பிடுகிறவன். ஒரு கையில் தட்டு, ஒரு கண் ஜன்னலில். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று காலை மாற்றி மாற்றி வைப்பான். பாதிரியார் பிரசங்கத்தைக் கொஞ்சம் இழுத்தால் பின்பக்கக் கதவு கிரீச்சிடும். போய்விட்டான் என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

ஐம்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகியிருக்க வேண்டியது. இருபத்தாறு வயதில் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியைத் திருவிழா நடனத்துக்கு வரச் சொல்லியிருந்தான். அவள் வர அரை மணி தாமதமாயிற்று. இவன் கால் மணி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான். அவள் வந்தபோது பந்தலடியில் நேவியோ நின்றுகொண்டிருந்தான். நேவியோ எதற்கும் அவசரப்படாதவன். அவளுக்கும் நேவியோவுக்கும் இப்போது மூன்று பிள்ளைகள். நேவியோ எங்கள் ஊருக்கும் கீழே வால்ஸெக்காவுக்கும் பஸ் ஓட்டுகிறான். கிழவி எவளாவது தூரத்தில் கையை ஆட்டினால் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, அவள் வந்து சேரும்வரை சிகரெட் பிடிப்பான். அந்த பஸ்ஸில் சபாத்தீனோ ஒருநாளும் ஏறியதில்லை. பஸ் நிற்கிறது என்பதற்காக ஏறவில்லை என்பான். எதற்காக ஏறவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

பல வேலை பார்த்தான். மர ஆலையில் எட்டு மாதம். தபால் கொடுக்கும் வேலை இரண்டு வருஷம். அது நடக்கிற வேலை, நிலைத்திருக்க வேண்டியது. ஆனால் எங்கள் ஊரில் தபால்காரனை உட்காரவைத்து ஒரு கிளாஸ் ஒயின் கொடுக்காமல் யாரும் அனுப்பமாட்டார்கள். அதில் மூச்சு முட்டி விட்டுவிட்டான். அப்பன் செத்ததும் சாவி கைக்கு வந்தது. அதன்பிறகு அந்தச் சாவிதான் வேலை.

ஊருக்கு மேலே பாறையைக் குடைந்து ஒரு கோயில் இருக்கிறது. புனித ஓர்சோலா கோயில். அரை மணி ஏற்றம். உள்ளே சுவர் முழுக்கப் பழைய சித்திரம். அதைப் பார்க்கத்தான் ரோமிலிருந்தும் பொலோனாவிலிருந்தும் வடக்கே ஜெர்மனியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வந்தவர்கள் சதுக்கத்தில் இறங்கி, ஊற்றில் பாட்டில் நிரப்பி, இடிந்த கோட்டையில் படம் பிடித்து, கரடிப்பாறையில் மூச்சு வாங்கி, கோயிலைப் பார்த்து இறங்கி, ஜெம்மாவின் கடையில் கம்பியில் சுட்ட ஆட்டுக்கறி தின்று, சாயங்காலம் ஏரிப்பக்கம் போய்விடுவார்கள். கோட்டையிலிருந்து கோயில்வரை அவர்களை ஓட்டிக்கொண்டு போகிறவன் சபாத்தீனோ. 'ஓட்டிக்கொண்டு' என்றுதான் சொல்ல வேண்டும். ஆடு மேய்க்கிறவன்கூட அவ்வளவு அதட்டமாட்டான்.

சாவி முழங்கை நீளம் இருக்கும். பாட்டன் வைத்திருந்தான், அப்பன் வைத்திருந்தான், இவன் வைத்திருக்கிறான். இரவில் தலையணைக்கடியில், பகலில் இடுப்பு வாரில். நகல் ஒன்று செய்து நகரமன்றத்தில் வைக்கலாமே என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார்கள். ஜெம்மாவும் கேட்டாள்.

"என் கல்லாவுக்குப் பின்னாடி ஒரு ஆணி சும்மாத்தானே கெடக்கு, ஒண்ணு செஞ்சு மாட்டி வையேன்."

"உன் வீட்டுக்காரனுக்கு நகல் செஞ்சு வெச்சியா நீ? ஒரு கோயிலுக்கு ஒரு சாவி."

ஜெம்மா விதவை. அன்றைக்கு அவள் இவன் காபியில் சர்க்கரை போடவில்லை. இவன் அதைக் கவனிக்காமலே குடித்துவிட்டுப் போனான்.

அவனுக்கு ஒரே ஒரு முறைமை உண்டு, அது தடி. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் கோட்டை வாசலில் இரும்புப் பூண் போட்ட ஒரு கைத்தடி கொடுப்பான். கோயிலுக்குள் தடி போகக் கூடாது, பூண் பழைய தரை ஓடுகளைக் கீறிவிடும். அதனால் தடியைக் கதவுக்கு வெளியே சுவரில் சாத்திவிட்டு உள்ளே போக வேண்டும். வெளியே எத்தனை தடி சாத்தியிருக்கிறதோ அத்தனை பேர் உள்ளே. தடி எல்லாம் போய்விட்டால் உள்ளே ஆள் இல்லை, கதவைச் சாத்திப் பூட்டலாம். தலையை எண்ணமாட்டான், தடியைத்தான் பார்ப்பான். பத்தொன்பது வருஷமாக ஒரு தடவையும் தப்பவில்லை.

அந்தப் பத்தொன்பது வருஷமும் அவன் அக்காள் லொரேத்தா அவனோடு பேசவில்லை.

லொரேத்தா இவனுக்கு நாலு வயது மூத்தவள். இருபது வயதில் சுவிட்சர்லாந்துக்குக் கடிகாரத் தொழிற்சாலை வேலைக்குப் போனவள், அங்கேயே ஒருத்தனைக் கட்டிக்கொண்டாள். அப்பன் செத்தது பிப்ரவரி மாசம். நாலு மணிக்கு வந்துவிடுவேன், அதற்கு முன் அப்பாவை எடுக்காதே என்று போனில் சொன்னாள். கணவாயில் பனி விழுந்து ரயில் மெதுவாக வந்துகொண்டிருந்தது. இரண்டரைக்கெல்லாம் வீட்டில் எல்லோரும் கூடிவிட்டார்கள். பாதிரியாருக்கு வேறு ஊரில் ஒரு பூசை. குழி தோண்டினவர்கள் மண் இறுகுகிறது என்றார்கள். ஆனால் இருக்கச் சொன்னால் இருந்திருப்பார்கள். சபாத்தீனோ சவப்பெட்டியைச் சுற்றி நடந்தான், வாசலுக்குப் போனான், வந்தான், மறுபடி போனான். மூன்று மணிக்கு, "தூக்குங்க" என்றான்.

சொன்னபடி நாலு மணிக்கு லொரேத்தா வந்தாள். கல்லறைத் தோட்டத்தில் புது மண்மேல் பனி விழுந்துகொண்டிருந்தது. கையிலிருந்த பயணப்பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"அப்பாவுக்கு ஒண்ணும் அவசரமில்ல. உனக்குத்தான்" என்றாள்.

வீட்டுக்கு வரவில்லை. அதே பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டாள்.

போன செப்டம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெம்மாவின் கடைக்குப் போன் வந்தது. ஜெம்மா எடுத்து இவனிடம் நீட்டினாள்.

"நான் லொரேத்தா. ஃபோஜாவுக்குப் போறேன், பேரனுக்கு ஞானஸ்நானம். ஞாயித்துக்கிழம ஒண்ணே முக்காலுக்கு வால்ஸெக்காவுல எறங்கி வண்டி மாறணும். நாப்பது நிமிஷம் இருக்கு. வர்றதுன்னா வா."

இவன் "ம்" என்றான். அவள் வைத்துவிட்டாள்.

சபாத்தீனோவுக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் ரயில் வழி தெரியும். சுவிட்சர்லாந்திலிருந்து தெற்கே ஃபோஜாவுக்குக் கடலோரமாக நேர் வண்டி இருக்கிறது. அதை விட்டுவிட்டு ரோமைச் சுற்றி, மலை ஏறி, வால்ஸெக்காவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி மாறுகிறவளுக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் தம்பியைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறது. ஞாயிறுவரை இதையே மென்றுகொண்டு ஊரைச் சுற்றினான். ஞாயிற்றுக்கிழமை லொரேத்தா வருகிறாள் என்று புதன்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜெம்மாதான் சொன்னாள், வேறு யார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு பேர் வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்றே முக்கால்வரை சும்மா இருக்க அவனால் முடியாது. பத்தரைக்கெல்லாம் கிளப்பிவிட்டான். கோட்டையில் அஞ்சு நிமிஷம். கரடிப்பாறையில் நிற்கவே விடவில்லை.

"அந்தப் பள்ளம் கரடியோட கால் தடம்னு சொல்றாங்களே, நெசமா?" என்று மஞ்சள் தொப்பி போட்ட அம்மாள் ஒருத்தி கேட்டாள். தனியாக வந்தவள், எழுபதை ஒட்டின வயது, நின்று நிதானித்துப் பார்க்கிறவள்.

"கரடி நிக்காம போயிடுச்சு, நீங்களும் நடங்க."

கோயிலுக்குள் மற்றவர்கள் கால் மணியில் பார்த்து முடித்தார்கள். மஞ்சள் தொப்பி ஒவ்வொரு சித்திரத்தின் முன்னாலும் நின்றாள்.

"இந்தப் புனிதையோட மொகத்த யாரு சுரண்டினது?"

"ஆட்டுக்காரனுங்க. காய்ச்சலுக்கு மருந்துன்னு சுரண்டித் தின்னானுங்க."

"பொழச்சாங்களா?"

"தெரியாது. நான் அப்ப பொறக்கல. வாங்க வாங்க, நேரமாச்சு."

சொல்லிவிட்டு வெளியே வந்தான். படியில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் மனசு வால்ஸெக்கா ஸ்டேஷனில் இருந்தது. அக்காளுக்குக் கை கொடுப்பதா, கன்னத்தில் முத்தம் கொடுப்பதா, முதலில் யார் பேசுவது, பேசினால் என்ன பேசுவது. கதவை இழுத்தான். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினான். ஓட்டமாக இறங்கினான்.

அவனுடைய ஆப்பே மூன்று சக்கர வண்டி வால்ஸெக்காவுக்கு இறங்க ஐம்பது நிமிஷம் எடுக்கும். பன்னிரண்டே முக்காலுக்கு ஸ்டேஷனில் இருந்தான். ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம். நடைமேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தான். செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்த ஆட்டுப்பால் சீஸை ஒரு பெஞ்சில் வைத்தான், எடுத்தான், வேறு பெஞ்சில் வைத்தான். கடிகாரத்தைப் பார்த்தான். எட்டு நிமிஷம்தான் போயிருந்தது. ஊற்றடியில் திருப்பி வாங்கிப் போட்ட தடிகள் வண்டியின் பின்பெட்டியில் தாறுமாறாகக் கிடப்பது ஞாபகம் வந்தது. கைக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று போய் அவற்றை அடுக்க ஆரம்பித்தான்.

பத்து இருந்தது.

கொடுத்தது பதினொன்று. எவனாவது ஞாபகப்பொருள் என்று தூக்கிக்கொண்டு போயிருப்பான். போன வருஷம் ஒருத்தி அப்படிச் செய்தாள். சரி, போகட்டும். இரண்டு அடி நடந்தான். நின்றுவிட்டான்.

கதவுக்கு வலப்பக்கம், சுவரில் சாத்தி, ஒற்றைத் தடி. பூட்டும்போது அது அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. கண் பார்த்தது. உள்ளே போய்ச் சேரவில்லை.

"இல்ல, இல்ல" என்று வாய்விட்டுச் சொன்னான். பக்கத்தில் பையோடு நின்ற ஒரு பெண் ஒதுங்கிப் போனாள். இறங்கினவர்களில் மஞ்சள் தொப்பி இருந்ததா? ஊற்றடியில் தடி வாங்கும்போது? படியில்? எவ்வளவு யோசித்தாலும் மஞ்சள் நிறம் சித்திரத்துக்கு முன்னால்தான் தெரிந்தது. கைப்பேசியை எடுத்து ஜெம்மாவைக் கூப்பிட்டான். கடையில் ஒரே கூச்சல், யாரோ அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜெம்மா! மேல கோயில் பக்கம் ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

"கேக்குதாவா? ஒரு மணி நேரமா காது கிழியுது! போதும் நிறுத்து, கை வலிக்கப் போகுது. அவளக் கூட்டிக்கிட்டு எறங்கு, கறி போட்டாச்சு!"

"என்னது?"

"மணிதான்யா! லொரேத்தா வந்துட்டா இல்ல? ஊரே குடிச்சுக்கிட்டிருக்கு!"

இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து பிழைக்கப் போனவர்கள் யாராவது திரும்பி வந்தால் அந்த வீட்டுக்காரர்கள் மேலே ஏறி ஓர்சோலா கோயில் மணியை அடிப்பார்கள். வேறெதற்கும் அந்த மணியை அடிப்பதில்லை. மணிக்கயிறு கோயிலுக்கு உள்ளே தொங்குகிறது. பெல்ஜியத்துச் சுரங்கத்திலிருந்து ஆட்கள் வந்த காலத்தில் வாரம் ஒரு தடவை கேட்கும். இப்போது நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை. அதனால் அன்று மணி கேட்டதும் யாரும் ஒன்றும் யோசிக்கவில்லை. நாங்களும்தான் குடித்தோம்.

"ஜெம்மா, நான் வால்ஸெக்கா ஸ்டேஷன்ல நிக்கறேன். அக்கா இன்னும் வரவேயில்ல."

அக்கார்டியன் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஜெம்மா யாரையோ அதட்டினாள், அக்கார்டியன் நின்றது.

"அப்ப யாரு அடிக்கறது?"

"ஒரு அம்மா. மஞ்சத் தொப்பி. உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்."

"அடப்பாவி மனுஷா! சாவி?"

"என் இடுப்புல."

"ஆணி சும்மாத்தானே கெடக்குன்னு நாய் மாதிரி கத்தினேனே..."

"கத்தாத! யாராச்சும் மேல போய்க் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து பேச்சுக் குடுங்க. பயந்துடப்போறா. நான் வர்றேன்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டான். வண்டியைக் கிளப்பினான். ஸ்டேஷன் ரோட்டைத் தாண்டிப் பாலம்வரை போனான். பாலத்தின் நடுவில் பிரேக்கை அழுத்தினான். பின்னால் வந்த கார்க்காரன் ஹாரனை அடித்து, அம்மாவை இழுத்துத் திட்டிவிட்டுப் போனான். இப்போது மணி ஒன்று பத்து. மேலே போய்க் கதவைத் திறந்தால் இரண்டரை. லொரேத்தா பெட்டியோடு இறங்குவாள். நடைமேடையில் யாரும் இருக்கமாட்டார்கள். எதற்காகப் போனான் என்று அவள் கேட்கமாட்டாள். போய்விட்டான் என்றுதான் நினைப்பாள். அப்புறம் கடலோர வண்டிதான், காலத்துக்கும்.

பாலத்திலேயே வண்டியைத் திருப்பினான்.

ஸ்டேஷனுக்குள் நுழையும்போது ஒலிபெருக்கி பேசிக்கொண்டிருந்தது. மலையில் கல் சரிந்திருக்கிறது, ரோம் வண்டி ஐம்பது நிமிஷம் தாமதம். சபாத்தீனோ ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். போகவும் முடியாது, நிற்கவும் முடியாது. இடுப்பில் சாவி கனத்தது. நடைமேடையில் நடந்தான். கழிப்பறைவரை போய்விட்டு உள்ளே போகாமல் திரும்பினான். ஸ்டேஷன் வாசலுக்கு வந்தான்.

வாசலில் நேவியோவின் பஸ் நின்றுகொண்டிருந்தது. நேவியோ படியில் உட்கார்ந்து ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தான்.

சபாத்தீனோ அவனைத் தாண்டிப் போனான். திரும்பி வந்தான். மறுபடி தாண்டினான்.

"என்னய்யா, கல்யாணப் பொண்ணத் தேடறியா?" என்றான் நேவியோ, ஆப்பிளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பஸ் எப்ப கெளம்புது?"

"எப்பவும் கெளம்பற நேரத்துக்கு. ஒண்ணரை. என்ன, ஏறப்போறியா? கண்ணாடியத் தொடச்சு வெக்கறேன் இரு."

"இப்பவே எடு."

"ஏன், உனக்காகவா? மார்க்கெட்டுக்குப் போன ரெண்டு பொம்பளைங்க வரணும். நான் காத்திருக்கறவன்யா. உனக்குத்தான் அது நல்லாத் தெரியுமே."

வேறு நாளாக இருந்தால் இந்தப் பேச்சுக்குக் கை ஓங்கியிருப்பான். அன்று இடுப்பு வாரை அவிழ்த்தான். நேவியோ பதறி எழுந்துவிட்டான். சபாத்தீனோ சாவியை வாரிலிருந்து உருவினான். பாட்டன் காலத்திலிருந்து எங்கள் ஊரில் வேறு ஒருத்தன் கையும் அதைப் பிடித்ததில்லை. இரண்டு கையிலும் வைத்து நீட்டினான்.

"மேல ஒரு அம்மாவ உள்ள வெச்சுப் பூட்டிட்டேன். வயசானவ. ஒரு மணி நேரத்துக்கு மேல மணி அடிச்சுக்கிட்டிருக்கா. என் அக்கா வண்டி லேட்டு. நான்... நான் இங்க இருக்கணும், நேவியோ."

நேவியோ ஆப்பிளைக் கீழே போட்டான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினான். எடை பார்க்கிற மாதிரி ஒரு தடவை தூக்கிப் பார்த்தான்.

"எந்தப் பக்கம் சுத்தணும்?"

"எடப்பக்கம். ரெண்டு சுத்து. ரெண்டாவது சுத்துக்குக் கதவ முழங்காலால அழுத்தணும். பூட்டு கோவக்காரன்."

"வளத்தவன மாதிரி."

பஸ்ஸில் ஏறினான். மார்க்கெட்டுக்குப் போன பெண்களுக்காக நிற்கவில்லை. பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் நேவியோ நேரத்துக்கு முந்திக் கிளம்பினது அந்த ஒரு நாள்தான். அந்தப் பெண்கள் இன்றுவரை அவனை விடவில்லை.

சாவி போனதும் சபாத்தீனோவின் கால்சட்டை லொடலொடத்தது. இடுப்பு இடது பக்கம் லேசாகிவிட்டதால் நடையே கோணலாக இருந்தது. ஐம்பது நிமிஷம் எண்பது ஆயிற்று. எண்பது என்று சொன்னபின் ஒலிபெருக்கி ஒன்றுமே சொல்லவில்லை, அது இன்னும் மோசம். காபி வாங்கினான், குடிக்கவில்லை. நேவியோ இப்போது மலை வளைவில் இருப்பான், இப்போது ஊற்றடியில் இருப்பான், அவனால் ஏற முடியாது, தொந்தி, யாரிடமாவது கொடுத்து அனுப்புவான், யாரிடம்? முழங்காலால் அழுத்தச் சொன்னானா? அந்த அம்மாளுக்கு இருதயக் கோளாறு இருந்தால்? மணிச் சத்தம் நின்றிருந்தால், அது கை ஓய்ந்ததாலா, வேறெதனாலா? ஜெம்மாவைக் கூப்பிட்டான். கடையில் யாரும் எடுக்கவில்லை. ஊரே மேலே போய்விட்டது போலும். மறுபடி கூப்பிட்டான். வியர்வையில் கைப்பேசி வழுக்கியது.

மூன்று ஐந்துக்கு ரோம் வண்டி வளைவில் தெரிந்தது. அதே நேரம் கைப்பேசி அடித்தது.

சபாத்தீனோ அதைப் பார்த்தான். ஜெம்மா. வண்டி நின்று கதவுகள் திறந்தன. நாலாவது பெட்டியிலிருந்து சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு கிழவி முதுகைக் காட்டிக்கொண்டு, பெட்டியை இழுத்தபடி இறங்கினாள். அப்பன் இறங்குகிற மாதிரியே, வலது காலை முதலில் வைத்து. அவன் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டான். அது நெஞ்சுமேல் அடித்துக்கொண்டே இருந்தது.

லொரேத்தா அவனைப் பார்த்தாள்.

"இருக்கியா" என்றாள்.

"இருக்கேன்."

"ஒண்ணரை மணி நேரம் லேட்டு."

"ஆமா."

கையும் கொடுக்கவில்லை, முத்தமும் கொடுக்கவில்லை. அவன் பெட்டியை வாங்கிக்கொண்டான். ஃபோஜா போக அவள் மாற வேண்டிய பெஸ்காரா வண்டி, தாமதமாக வந்தவர்களுக்காகவே எதிர் நடைமேடையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஸ்டேஷன்காரர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எல்லோரையும் விரட்டினார். நாற்பது நிமிஷம் என்று நினைத்திருந்தது நாலு நிமிஷம்கூட இல்லை. சுரங்கப்பாதையில் இறங்கி ஏறினார்கள். லொரேத்தாவுக்கு மூச்சு வாங்கியது, அவள் கையை இவன் பிடித்துக்கொண்டான். அவள் உதறவில்லை.

பெட்டியை உள்ளே தூக்கி வைத்தான். இறங்க வேண்டும். படியில் ஒரு கால் வைத்தான். விசில் அடித்தது.

"தீனோ" என்றாள் லொரேத்தா.

அவன் காலை உள்ளே எடுத்துக்கொண்டான். கதவு மூடியது. சீஸ் பெஞ்சில், ஆப்பே வாசலில், தொப்பிகூட வண்டிக்குள் கிடந்தது. ரயில் நகர்ந்தது.

"பைத்தியக்காரா" என்றாள். பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் அங்கே உட்கார்ந்தான். நெஞ்சில் கைப்பேசி மறுபடி அடித்தது.

"எடு அத. யாரு செத்தாங்கன்னு பாரு."

"செத்திருந்தாலும் இருக்கும்" என்று சொல்லி எடுத்தான். ஜெம்மா கத்துவது லொரேத்தாவுக்கும் கேட்டது. நேவியோ தானே ஏறினானாம். இடையில் இரண்டு தடவை உட்கார்ந்தானாம், ஆனால் சாவியை யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்றுவிட்டானாம். கதவைத் திறந்தால் அந்த அம்மாள் மணிக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கிறாள். நாற்பது பேர் கையில் கிளாஸோடு வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, 'நான் இங்க உசுருக்குக் கத்தறேன், நீங்க கச்சேரியா நடத்தறீங்க' என்று எல்லோரையும் வெளுத்து வாங்கினாளாம். இப்போது கடையில் உட்கார்ந்து பதினாறாவது கம்பிக் கறி தின்றுகொண்டிருக்கிறாள். வெரோனா ஊர்க்காரி. மணி கேட்டும் ஏன் இவ்வளவு நேரம் யாரும் வரவில்லை என்று விசாரித்தாள், காரணத்தைச் சொன்னார்கள். யார் வந்தது என்று கேட்டாள்.

"நான் என்ன சொல்றது?" என்றாள் ஜெம்மா. "அக்கா வந்துட்டாளா, வரலயா?"

சபாத்தீனோ போனை அணைத்தான். லொரேத்தா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாள் என்று நினைத்தான். பார்த்தால் சிரிப்பு மட்டும் இல்லை.

"சாவிய நேவியோகிட்டயா குடுத்த?"

"ஆமா."

"நீயா?"

"வேற வழியில்ல. உனக்காக நிக்கணும்."

ரயில் ஒரு குகைக்குள் போயிற்று. ஜன்னலில் இருவர் முகமும் தெரிந்தது. இருட்டில் பேசுவது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

"அன்னைக்கு" என்றான், "பாதிரியார் இருக்கேன்னுதான் சொன்னாரு. குழி வெட்டினவனுங்களும் இருக்கேன்னானுங்க. நான்தான் தூக்கச் சொன்னேன். அப்பா அப்படிக் கெடக்கறதப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியல. அவ்வளவுதான், அக்கா. பனி மேல பழி போட்டேன், ஊர்ல எல்லார்கிட்டயும். பனி இல்ல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உன்னத் தெரியாதா எனக்கு? நடக்கப் பழகினதே நீ ஓடித்தானேடா." பையைத் திறந்து ஒரு சாக்லேட் பொட்டலம் எடுத்து அவன் கையில் வைத்தாள். "இத நீயே ஒரு நாள் சொல்லுவேன்னு பாத்தேன். பத்தொம்பது வருஷம் ஆச்சு. இந்த ஒண்ணுக்கு மட்டும் உனக்கு அவசரமேயில்ல."

குகை முடிந்து வெளிச்சம் வந்தது. பரிசோதகர் வந்தார். லொரேத்தா தன் சீட்டை நீட்டினாள். பரிசோதகர் சபாத்தீனோவைப் பார்த்தார்.

"நீங்க?"

"இவரு ஏறும்போதே கதவு மூடிருச்சு" என்றாள் லொரேத்தா.

"எதுவரைக்கும் போறீங்க?"

சபாத்தீனோ எழுந்தான். அடுத்த ஸ்டேஷன் இருபது நிமிஷத்தில் வரும், இறங்கினால் எதிர் வண்டி பிடித்து ஐந்து மணிக்குள் ஆப்பேவுக்குப் போய்விடலாம், இருட்டுமுன் சாவியை நேவியோவிடமிருந்து வாங்கிவிடலாம், நாளைக்குக் காலையில் ஜெர்மனிக்காரர்கள் ஆறு பேர் வருகிறார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்தது.

"அது வந்து, அடுத்த..."

லொரேத்தா அவன் கோட்டு முனையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"ஃபோஜாவுக்கு ஒண்ணு குடுங்க" என்றாள் பரிசோதகரிடம். "எங்க பேரனுக்கு நாளைக்கு ஞானஸ்நானம்."